இன்ஸ்டால் செய்த ப்ரோகிராம் எங்கே போனது? - லினக்ஸ் டைரக்டரிகளில் ஒரு சுற்று

விண்டோஸ் 10 தொகுப்பிற்குத் தந்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக் கொண்டது. நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை, விண்டோஸ் 11 அதை ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்தவர்களுக்கு முதல் நாள் எல்லாம் சுகமாகவே போகும். சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்து விஎல்சி பிளேயரைத் தேடி, இன்ஸ்டால் பட்டனை ஒரு கிளிக் செய்தால் போதும். மெனுவில் ஐகான் வந்து விடும், பாட்டும் பாடும்.

அதற்குப் பிறகுதான் பழைய பழக்கம் தலைகாட்டும். இந்த விஎல்சி எந்த போல்டரில் போய் உட்கார்ந்தது? சி டிரைவ் இல்லை. ப்ரோகிராம் பைல்ஸ் போல்டரும் இல்லை. பைல் மேனேஜரில் மேலே மேலே போய்ப் பார்த்தால் பின், டெவ், இடிசி, லிப், ஆப்ட், வார், யுஎஸ்ஆர் என்று ஏதோ ரகசியக் குறிப்பு போல இருபதுக்கு அருகில் டைரக்டரிகள் நிற்கின்றன. இவை என்ன, ஏன் இப்படி இருக்கின்றன, இவற்றில் எதை நாம் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு குறிப்பு. டைரக்டரிகளின் பெயர்களை இங்கே உச்சரிக்கும் விதத்தில் தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. ஒரே பெயரில் எழுத்தை மட்டும் மாற்றி இரண்டு பைல்களை அருகருகே வைத்துக் கொள்ளலாம். அப்படி வைத்துக் குழம்பவும் செய்யலாம்.

ஒரே மரம்

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனி மரம். சி ஒன்று, டி ஒன்று, பென் டிரைவ் செருகினால் இன்னொரு எழுத்து. லினக்ஸில் ஒரே ஒரு மரம்தான். அதன் வேர் '/' என்ற ஒற்றைச் சாய்கோடு. இதைத்தான் ரூட் என்கிறார்கள். (ரூட் என்ற பெயரிலேயே ஒரு டைரக்டரியும் உண்டு. அது நிர்வாகியின் சொந்த போல்டர். இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.) எத்தனை ஹார்ட் டிஸ்க் இணைத்தாலும் அவை இந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில்தான் ஒட்டவைக்கப்படும். இதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் பென் டிரைவைச் செருகினால் /மீடியா என்பதன் கீழ் உங்கள் யூசர் பெயரில் உள்ள டைரக்டரிக்குள் அது தோன்றும். பெடோராவில் அதே பென் டிரைவ் /ரன்/மீடியா என்பதன் கீழ் தோன்றும். இந்தச் சின்ன வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பிறகு இதே போன்ற பலவற்றைப் பார்க்கப் போகிறோம்.

மரத்தில் உள்ள எல்லாமே டிஸ்க்கில் இருப்பவை என்றும் எண்ண வேண்டாம். /ப்ராக், /சிஸ் இரண்டும் கெர்னல் தன் நிலவரத்தை பைல் வடிவில் காட்டும் ஜன்னல்கள். /ப்ராக் உள்ளே கேகோர் என்று ஒரு பைல் இருக்கும். 64 பிட் கம்ப்யூட்டரில் அதன் அளவு 128 டெராபைட் என்று காட்டும்! இடத்தை அடைப்பது இதுதான் என்று நினைத்து அழிக்கப் புறப்பட வேண்டாம். அது டிஸ்க்கில் ஒரு பைட் கூட எடுத்துக் கொள்வதில்லை.

ஒரு ப்ரோகிராம், பல இடங்கள்

விஎல்சிக்கு வருவோம். அதை இயக்கும் பைல் /யுஎஸ்ஆர்/பின் டைரக்டரியில் இருக்கிறது. அதற்குத் தேவையான லைப்ரரி பைல்கள் /யுஎஸ்ஆர்/லிப் என்பதன் கீழ். ஐகான் படங்கள் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ் உள்ளே. மெனுவில் அதன் பெயரைக் காட்டச் சொல்லும் சிறிய டெக்ஸ்ட் பைல் /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் உள்ளே. நீங்கள் செய்து கொள்ளும் செட்டிங்ஸ் இவை எதிலும் இல்லை. உங்கள் ஹோம் டைரக்டரியில்,.கான்பிக் என்ற மறைந்த போல்டருக்குள் இருக்கின்றன.

விண்டோஸ் பழக்கத்தில் பார்த்தால் இது சிதறிக் கிடப்பது போலத் தோன்றும். மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். பருப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம் என்று வகைவாரியாகத்தான் அடுக்கியிருப்பார்கள். சாம்பாருக்கு ஓர் அலமாரி, ரசத்துக்கு ஓர் அலமாரி என்று வைப்பதில்லை. துவரம் பருப்பு இரண்டுக்கும் பொது. லினக்ஸில் லைப்ரரிகள் அந்தத் துவரம் பருப்பு மாதிரி. பல ப்ரோகிராம்கள் ஒரே லைப்ரரியைப் பகிர்ந்து கொள்கின்றன.

இதில் இடம் மிச்சமாவதை விட முக்கியமான லாபம் பாதுகாப்பு. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியானபோது, லினக்ஸ் விநியோகங்கள் அந்த ஒரு லைப்ரரியை மாற்றித் தந்தன. அதைப் பொதுவாகப் பயன்படுத்திய ப்ரோகிராம்களை மறுபடி தொடங்கியவுடன் எல்லாவற்றுக்கும் ஒரே தையலில் ஓட்டை அடைபட்டது. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைக் கையாளும் லைப்ரரியில் ஓட்டை தெரிய வந்தபோது, அந்த லைப்ரரியின் சொந்தப் பிரதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த ஒவ்வொரு ப்ரோகிராமும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

சரி, இப்படிப் பரப்பி வைத்தால் அழிப்பது எப்படி? கடையில் சரக்கு எங்கே இருக்கிறது என்று கணக்கு நோட்டு சொல்லும். லினக்ஸில் அந்த நோட்டை வைத்திருப்பது பேக்கேஜ் மேனேஜர். எந்த பைல் எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும். நீங்களே கேட்டுப் பார்க்கலாம். மின்ட், உபுண்டு, டெபியன் இவற்றில் டெர்மினலைத் திறந்து டி-பி-கே-ஜி என்ற நான்கு எழுத்துகளைச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் அதை ஒட்டிப் பெரிய எழுத்து எஸ்ஸும் டைப் செய்து, மறுபடி இடைவெளி விட்டு பைலின் முழு முகவரியைத் தாருங்கள். அதன் சொந்தப் பேக்கேஜ் எது என்று சொல்லிவிடும். பெரிய எஸ்ஸுக்குப் பதில் பெரிய எல் தந்து பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பேக்கேஜ் கொண்டு வந்த எல்லா பைல்களும் வரிசையாக வந்து நிற்கும். பெடோரா, ஓப்பன்சூசே இவற்றில் இதே வேலையை ஆர்பிஎம் கட்டளை செய்கிறது.

ஆகவே /யுஎஸ்ஆர் உள்ளே இருப்பதைக் கையால் அழிப்பதோ அங்கே நீங்களாக பைல் கொண்டு போய்ப் போடுவதோ கூடாது. கணக்கு நோட்டுக்கும் சரக்குக்கும் ஒட்டாமல் போய்விடும். அடுத்த அப்டேட் வரும்போது பிரச்சனை வெடிக்கும்.

யுஎஸ்ஆர் என்றால் என்ன?

இந்த மூன்று எழுத்துகளுக்கு 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று விரிவு சொல்வதைப் பல புத்தகங்களில் பார்க்கலாம். அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். உண்மையில் இது 'யூசர்' என்பதன் சுருக்கம்தான். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது, யூசர்களின் சொந்த பைல்கள் இங்கேதான் இருந்தன. கென் தாம்ப்சனின் டைரக்டரி /யுஎஸ்ஆர்/கென். இன்று /ஹோம் செய்யும் வேலையை அன்று செய்தது இதுவே.

அவர்களின் பிடிபி-11 கம்ப்யூட்டரில் இருந்த ஆர்கே05 வகை டிஸ்க்கின் கொள்ளளவு சுமார் இரண்டரை மெகாபைட். இன்று மொபைல் போனில் எடுக்கும் போட்டோக்களில் பல அதற்குள் அடங்காது. சிஸ்டம் பைல்கள் வளர்ந்து முதல் டிஸ்க் நிரம்பியது. மீதியை எங்கே வைப்பது? யூசர் பைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க்கில் வைத்தார்கள். முதல் டிஸ்க்கில் இருந்தது போலவே அங்கும் ஒரு பின், ஒரு லிப் உருவாயின. கம்ப்யூட்டர் பூட் ஆகி இரண்டாவது டிஸ்க்கை மவுண்ட் செய்யும் வரை தேவைப்படும் கட்டளைகள் மட்டும் முதல் டிஸ்க்கின் /பின்னில் இருந்தாக வேண்டும். மவுண்ட் கட்டளையே இரண்டாவது டிஸ்க்கில் இருந்தால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

பிறகு யூசர்களின் பைல்கள் வேறு இடத்துக்குக் குடிபோயின. பெயர் மட்டும் நின்றுவிட்டது. டிஸ்க்குகள் ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு பெரிதான பின்னும் /பின், /யுஎஸ்ஆர்/பின் என்ற இரட்டை ஏற்பாடு தொடர்ந்தது. எது எதில் இருக்க வேண்டும் என்பதற்குப் புதுப் புதுக் காரணங்கள் சொல்லப்பட்டன. பழைய வீட்டில் ஒரு சுவர் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் அதைச் சுற்றியே மூன்று தலைமுறை கட்டடம் கட்டியது போலத்தான்.

விதி எழுதியவர்கள்

லினக்ஸ் விநியோகங்கள் பெருகத் தொடங்கிய 1993ல் ஒவ்வொருவரும் பைல்களை ஒவ்வோர் இடத்தில் வைத்தார்கள். ஒன்றுக்காகத் தயாரித்த ப்ரோகிராம் இன்னொன்றில் தன் பைலைத் தேடி ஏமாந்தது. டேனியல் குவின்லன் ஒருங்கிணைப்பில் ஒரு குழு பொது விதிகளை எழுதியது. அதன் முதல் பதிப்பு 1994 பிப்ரவரி 14ல் வெளியானது. பின்னர் மற்ற யூனிக்ஸ் வகைகளையும் மனதில் கொண்டு விரிவாக்கி, பைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட், சுருக்கமாக எஃப்எச்எஸ், என்று பெயர் மாற்றினார்கள். 2004ல் வந்த 2.3 பதிப்பு /மீடியா, /எஸ்ஆர்வி போன்றவற்றைச் சேர்த்தது. 3.0 பதிப்பு 2015 ஜூனில் லினக்ஸ் பவுண்டேஷன் மூலம் வந்தது.

இந்த விதிகளின் அடிப்படை இரண்டே கேள்விகள். இந்த பைல் தானாக மாறிக் கொண்டிருக்குமா, மாறாமல் இருக்குமா? இதைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்து கொள்ளலாமா, கூடாதா? ஒரு கல்லூரி லேபில் 40 கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ப்ரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே, தினமும் மாறுவதில்லை. எனவே /யுஎஸ்ஆரை ஒரு சர்வரில் வைத்து 40க்கும் பகிரலாம். யாரும் எழுத முடியாதபடி பூட்டவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரும் நெட்வொர்க் அமைப்பும் வேறு. அவை /இடிசியில். ஓடும்போது மாறிக் கொண்டே இருக்கும் லாக் பைல்கள், பிரிண்டருக்குக் காத்திருக்கும் வேலைகள் இவை /வாரில். 'வேரியபிள்' என்பதன் சுருக்கம் அது. இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக் கொண்டு பார்த்தால் முக்கால்வாசி டைரக்டரிகளின் இடம் தானாகப் புரிந்துவிடும்.

விதி ஒன்று, வழக்கம் பல

விதி இருந்தும் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 2000களின் முதல் பாதியில் கேடிஇ டெஸ்க்டாப்பை ரெட் ஹாட் /யுஎஸ்ஆரில் வைத்தது; சூசே /ஆப்ட்/கேடிஇ3 என்பதில் வைத்தது. இன்றும் அப்பாச்சி வெப் சர்வரின் செட்டிங்ஸை டெபியனில் /இடிசி/அப்பாச்சி2 என்பதிலும் பெடோராவில் /இடிசி/எச்டிடிபிடி என்பதிலும் தேட வேண்டும். 64 பிட் லைப்ரரிகளுக்குப் பெடோரா லிப்64 என்று தனி டைரக்டரி தருகிறது. டெபியன் லிப் உள்ளேயே பிராசசரின் பெயரில் ஒரு துணை டைரக்டரி வைக்கிறது.

இதனால் நமக்கு என்ன? ஒரு புத்தகத்திலோ தளத்திலோ கண்ட குறிப்பு வேலை செய்யாமல் போனால், அது எந்த விநியோகத்துக்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும். தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. அதில் பழகியவர்கள் மின்ட்டில் அதிகம் தடுமாற மாட்டார்கள். டெபியன் தன் விதிமுறைகளில் எஃப்எச்எஸ்ஸைப் பின்பற்றச் சொல்லி, எங்கெங்கே தான் விலகுகிறது என்பதையும் எழுதி வைத்திருக்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்த ஒன்று.

விதியையே தூக்கி எறிந்தவர்களும் உண்டு. கோபோ லினக்ஸில் ப்ரோகிராம்ஸ் என்று ஒரு டைரக்டரி. அதற்குள் ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒரு போல்டர், அதற்குள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு போல்டர். நிக்ஸ்ஓஎஸ் எல்லாவற்றையும் /நிக்ஸ்/ஸ்டோர் உள்ளே வைத்து, ஒரே சாப்ட்வேரின் பல பதிப்புகள் மோதாமல் வாழ வழி செய்கிறது.

அந்தப் பழைய இரட்டைச் சுவரும் இப்போது இடிக்கப்பட்டுவிட்டது. 2012ல் பெடோரா 17 /பின், /லிப் ஆகியவற்றில் இருந்ததை எல்லாம் /யுஎஸ்ஆருக்குள் நகர்த்தியது. டெபியன் நீண்ட விவாதத்துக்குப் பின் 2023ல் வந்த 12ஆம் பதிப்பில் இதைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் வந்த பெடோரா 42, எஸ்பின்னையும் பின்னோடு சேர்த்துவிட்டது. உங்கள் பைல் மேனேஜரில் ரூட்டுக்குப் போய்ப் பாருங்கள். பின், லிப் ஐகான்களின் மேல் சிறிய அம்புக்குறி இருக்கும். அவை இப்போது /யுஎஸ்ஆருக்குள் போகும் குறுக்கு வழிகள் மட்டுமே. பழைய முகவரியைத் தேடி வரும் ப்ரோகிராம்களுக்காக வைத்திருக்கிறார்கள். தேவையில்லை என்று அழித்துவிடாதீர்கள். அழித்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது.

டிஸ்க் நிரம்பினால்

திடீரென்று இடமில்லை என்று எச்சரிக்கை வந்தால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் /வார். இன்ஸ்டால் செய்ய டவுன்லோட் செய்த பேக்கேஜ்கள் /வார்/கேஷ்/ஏபிடி உள்ளே தங்கியிருக்கும். ஏபிடி கட்டளையுடன் 'கிளீன்' என்று நிர்வாகி அனுமதியில் தந்தால் காலியாகும். சிஸ்டத்தின் ஜர்னல் லாக் பைல்கள் 4 ஜிபி வரை வளர அனுமதி உண்டு. /பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்தவர்களுக்குப் பழைய கெர்னல்கள் சேர்ந்து அதுவும் நிரம்பும். அங்கேயும் கையால் அழிக்காமல் அப்டேட் மேனேஜர் மூலமே பழைய கெர்னல்களை நீக்குங்கள்.

/டிஎம்பி டைரக்டரியில் அவசரத்துக்கு எதையாவது சேமிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பெடோராவிலும், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13லும் அது டிஸ்க்கில் இல்லை, ராம் மெமரியில் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் அதில் இருந்ததும் போயிற்று.

காப்பாற்ற வேண்டியது எது?

/யுஎஸ்ஆர் முழுவதும் அழிந்தாலும் கவலையில்லை. ஒரு மணி நேரத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாம். திரும்பக் கிடைக்காதது /ஹோம் உள்ளே இருப்பதுதான். குழந்தையின் போட்டோ, அப்பாவின் பென்ஷன் கடிதம், கணக்குகள் எல்லாம் அங்கே.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம். லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிப்ட் என்ற வசதி கூடவே வருகிறது. அதைச் செட் செய்துவிட்டால் எல்லாமே பேக்கப் ஆகிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். டைம்ஷிப்ட் சிஸ்டம் பைல்களைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது. நீங்களாக மாற்றாத வரை ஹோம் டைரக்டரியில் உள்ள பைல்களை அது எடுத்து வைப்பதில்லை. அதாவது எளிதில் திரும்பக் கிடைப்பது பத்திரமாக இருக்கும்; கிடைக்காதது இருக்காது. போட்டோக்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனியே பேக்கப் எடுக்கத்தான் வேண்டும்.

பேக்கப் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் போல்டர்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை லினக்ஸ் மறைத்து வைக்கும். பைல் மேனேஜரில் கன்ட்ரோல் கீயுடன் எச் அழுத்தினால் அவை வெளியே வரும். தண்டர்பேர்ட் பயன்படுத்துவோரின் மெயில்கள், பயர்பாக்ஸின் புக்மார்க்குகள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இந்த மறைந்த போல்டர்களில்தான். உபுண்டுவில் ஒரு கூடுதல் சிக்கல்: அங்கே பயர்பாக்ஸ் ஸ்நாப் வடிவில் வருவதால், ஹோம் டைரக்டரியில் உள்ள ஸ்நாப் என்ற போல்டருக்குள் தன் விவரங்களை வைக்கிறது. இது என்ன வேண்டாத போல்டர் என்று அழித்தால் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் கூடவே போகும். உங்கள் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிய, பயர்பாக்ஸின் அட்ரஸ் பாரில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'ப்ரொபைல்ஸ்' என்று இடைவெளியின்றி ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள், முகவரியைக் காட்டிவிடும்.

புதிதாக லினக்ஸ் போடப் போகிறவர்கள் /ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குவது பற்றி யோசிக்கலாம். சிஸ்டம் கெட்டுப் போனால் அதை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். அப்போது இன்ஸ்டாலரில் பழைய ஹோம் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, மவுண்ட் பாயின்ட் /ஹோம் என்று தந்து, ஃபார்மட் என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அந்த ஒரு டிக்கில்தான் எல்லாம் இருக்கிறது, இருமுறை பாருங்கள். சிஸ்டம் பார்ட்டிஷனையும் மிகச் சிறிதாக்கிவிடாதீர்கள். மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது. 100 ஜிபி இருந்தால் நல்லது என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஸ்நாப், பிளாட்பேக் வடிவில் நிறைய ப்ரோகிராம்கள் போடுவோருக்கு இது இன்னும் அவசியம். இரண்டும் /வார்/லிப் என்பதன் கீழ்தான் சரக்கை இறக்குகின்றன.

டவுன்லோட் செய்து வந்தது

கடைசியாக, பேக்கேஜ் மேனேஜர் வழியாக வராமல் நேராக ஒரு சுருக்கப்பட்ட பைலாக நீங்கள் டவுன்லோட் செய்த ப்ரோகிராம். அதை எங்கே வைப்பது? விதிகள் இதற்கென்றே இரண்டு இடங்களை ஒதுக்கியிருக்கின்றன. தன் பைல்களை எல்லாம் ஒரே போல்டரில் கட்டிக் கொண்டு வருவது என்றால் /ஆப்ட். கூகுள் குரோமை இன்ஸ்டால் செய்து பார்த்தால் அது /ஆப்ட்/கூகுள் உள்ளே போய் அமர்ந்திருப்பதைக் காணலாம். நீங்களே சோர்சிலிருந்து கம்பைல் செய்தது என்றால் /யுஎஸ்ஆர்/லோக்கல். அந்த டைரக்டரி நிர்வாகியின் சொந்த நிலம். அங்கே நீங்கள் போட்டு வைத்த பைல்களைப் பேக்கேஜ் மேனேஜர் தொடாது.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே அந்த ப்ரோகிராமைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டுமே தேவையில்லை. ஹோம் டைரக்டரியில் .லோக்கல் என்ற மறைந்த போல்டருக்குள் பின் என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் வையுங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் அடுத்த முறை லாகின் செய்யும்போது சிஸ்டமே அந்த இடத்தையும் தேடும் பட்டியலில் சேர்த்துக் கொள்ளும். நிர்வாகி பாஸ்வேர்ட் கேட்காது. வேண்டாம் என்றால் அந்த பைலை அழித்துவிட்டால் முடிந்தது.